ஆறுகளைப் பிடித்துக்கொண்டு: மியூனிக்கிலிருந்து வெரோனாவுக்கு ஒரு கார்ப் பயணத் திட்டம்

மியூனிக்கிலிருந்து இத்தாலியின் வெரோனா நகரம் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். நெரிசல் இல்லாத நாளில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். மியூனிக்கில் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள். விடியற்காலையில் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு பின்சீட்டில் ஏற்றி, ரோசன்ஹைம், குஃப்ஸ்டைன், இன்ஸ்புருக், பிரென்னர் என்று நெடுஞ்சாலையை விட்டு இறங்காமல் ஓட்டி, மதியச் சாப்பாட்டுக்கு வெரோனா போய்ச் சேருகிறார்கள். வழியில் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று மூன்று நாடுகள் கடந்துபோகின்றன. கண்ணில் படுவது பெரும்பாலும் முன்னால் போகும் லாரிதான்.

இதே வழியை இரண்டு பகலாகப் பிரித்து, ஆறுகளைப் பிடித்துக்கொண்டு போகும்படி திட்டமிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மியூனிக் நகருக்குள் ஓடும் ஈஸார் ஆற்றை எதிர்த்துப் போனால் மலைக்குள் ஏறி ஆஸ்திரிய எல்லைக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து ஒரு சரிவில் இறங்கினால் இன் ஆறு. இன்ஸ்புருக்கில் இன்னோடு வந்து கலக்கும் ஸில் என்ற சிற்றாற்றை மேல்நோக்கித் தொடர்ந்தால் பிரென்னர் கணவாய். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஐஸாக் ஆறு தெற்கே இறங்குகிறது. பொல்சானோவுக்குக் கீழே அது எட்ச் ஆற்றில் சேருகிறது. இத்தாலியர்களுக்கு அந்த ஆறு ஆதிஜே. அதைத் தொடர்ந்து போனால் அதுவே உங்களை வெரோனாவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்த செப்டம்பரில்தான் இந்தத் திட்டம் முழு உருவம் பெற்றது. அப்பா பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமிரபரணிக் கால்வாய் ஓரங்களில் நடந்தே வேலைக்காலத்தைக் கழித்தவர். எந்த நாட்டு வரைபடத்தை விரித்தாலும் ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே விழுகிறது என்பதைத்தான் முதலில் தேடுவார். நான் பிரென்னரைத் தொட்டுக் காட்டியதும், "இந்த எடத்துல தண்ணி எந்தப் பக்கமாடே போவுது?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் என்றேன். வடக்கே விழும் மழை ஸில், இன், டான்யூப் என்று போய்க் கருங்கடலில் சேரும். தெற்கே விழுவது ஐஸாக், எட்ச் வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்கு. "அப்போ அங்க எறங்கி நின்னு பாக்கணும்" என்றார். செங்கோட்டைக்கு மேலே ஆரியங்காவுக் கணவாயிலும் அவருக்கு இதே பழக்கம்தான்.

அவர் கேட்ட கேள்வியைத்தான் 1919இல் ஐரோப்பாவின் வல்லரசுகளும் கேட்டன. முதல் உலகப் போர் முடிந்து ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் எல்லை வகுத்தபோது, செயின்ட் ஜெர்மெய்ன் உடன்படிக்கை தண்ணீர் பிரியும் மலைமுகட்டையே எல்லையாக்கியது. முகட்டுக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பயணத்தில் எங்கே நிற்க வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது.

முதலில் நாளைத் தேர்ந்தெடுப்பது. பிரென்னர் வழியாக ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் போகின்றன. அதற்கு மேல் விடுமுறைக் கார்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பள்ளி விடுமுறை தொடங்கும் சனிக்கிழமையும், ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய இத்தாலிய விடுமுறை நாட்களும் இந்த வழிக்கு ஆகவே ஆகாதவை. போதாக்குறைக்கு, கணவாய்க்குச் சற்று முன்னால் கிரீஸ் என்ற ஊரை ஒட்டி இருக்கும் லூக் பாலம் 1960களில் கட்டியது. அதன் உறுதி குறைந்துவிட்டதால் 2025 ஜனவரி முதல் ஒரு திசைக்கு ஒரு தடம்தான் என்று வைத்திருக்கிறார்கள். நெரிசல் மிகுந்த நாட்களில் இரண்டு தடம் திறந்து, கனரக வாகனங்களை உள்பக்கத் தடத்தில் மட்டும் விடுகிறார்கள். பக்கத்தில் புதுப் பாலம் எழும்பும்வரை இதுதான் நிலைமை.

நெரிசலைத் தவிர்க்க நேவிகேஷன் காட்டும் ஊர்வழிச் சாலையில் இறங்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையிலும் பனிச்சறுக்குப் பருவத்திலும் வார இறுதி நாட்களில், ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தைக் கடந்துபோகும் வண்டிகள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் புகுவதை டிரோல் அரசு பல இடங்களில் தடை செய்திருக்கிறது. வெளிவழியில் போலீஸ் நின்று திருப்பி அனுப்பும். அந்த ஊரிலேயே தங்கும் விடுதி இருந்தால், சாப்பிடப் போவதாக இருந்தால் விடுவார்கள். இந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஸில் பள்ளத்தாக்கின் கிராமங்களில் சாலை அவ்வளவு குறுகல். பாட்டிமார்கள் வீட்டு வாசலில் கால் வைக்க முடியாதபடி கார்கள் வரிசைகட்டி நிற்பது நியாயமில்லை. ஆகவே பழைய சாலையில் போக விரும்புகிறவர்கள் வாரத்தின் நடுவில் போக வேண்டும். நாங்கள் செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். செப்டம்பர் பிற்பாதியில் மலையில் பனி இருக்காது, ஆப்பிள் பறிப்பு நடந்துகொண்டிருக்கும், விடுதிகளிலும் இடம் கிடைக்கும்.

அடுத்து காகிதங்களும் காசும். எல்லைச் சாவடிகள் இல்லாத ஐரோப்பா என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பிரென்னரில் 1998 ஏப்ரலில் தடுப்புக் கம்பங்களை எடுத்துவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நுழையும் வழிகளில் 2015 செப்டம்பரிலிருந்து ஜெர்மன் போலீஸ் மீண்டும் சோதனை நடத்துகிறது. திரும்பி வரும்போது நிறுத்துவார்கள். பெற்றோருக்கு ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா மூன்று நாடுகளுக்கும் செல்லும். ஆனால் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு நகலை எடுத்து வருவது நம்மூர்ப் பெரியவர்களின் பழக்கம். அசல்தான் கையில் இருக்க வேண்டும். இங்கே குடியிருக்கும் நமக்கு பாஸ்போர்ட்டோடு குடியிருப்பு அட்டையும் வேண்டும். வாடகைக் கார் என்றால், வண்டியை இத்தாலிக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்று முன்பதிவு செய்வதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில வகைக் கார்களை இத்தாலிக்குள் விடாத நிறுவனங்கள் உண்டு. முக்கோண எச்சரிக்கைப் பலகை, ஒளிரும் மேற்சட்டை, முதலுதவிப் பெட்டி மூன்றும் வண்டியில் இருக்கின்றனவா என்று சாவி வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

சாலைக்குக் காசு வாங்கும் முறையில் மூன்று நாடுகளும் மூன்று விதம். ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைகளுக்கு விக்னெட் என்ற முன்கட்டணச் சீட்டு எடுக்க வேண்டும். ஒரு நாள், பத்து நாள், இரண்டு மாதம், ஒரு வருடம் என்று வகைகள் உண்டு. வண்டி எண்ணைக் கொடுத்து ஆஸ்ஃபினாக் என்ற அரசு நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கிவிடலாம். தேடலில் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் கட்டணம் வைப்பதால் முகவரியைச் சரிபார்த்து வாங்குங்கள். விக்னெட் இல்லாமல் பிடிபட்டால் பத்து நாள் விலையைப்போல் பல மடங்கு கட்ட வேண்டிவரும். விக்னெட் எடுத்தவர்களும் இன்ஸ்புருக்கிலிருந்து கணவாய் வரைக்குமான ஏ13 நெடுஞ்சாலைக்குத் தனியாகச் சுங்கம் கட்டியாக வேண்டும். ஒரு முறைக்கு ஏறக்குறைய 12 யூரோ. அதையும் முன்கூட்டியே வண்டி எண்ணில் வாங்கிவிட்டால் கேமரா எண்ணைப் படித்துத் தடுப்பைத் திறந்துவிடும். இத்தாலியில் நம் ஊர்ச் சுங்கச்சாவடிக்குப் பழகியவர்களுக்குச் சுலபம்: ஏறும் இடத்தில் சீட்டு எடுத்து, இறங்கும் இடத்தில் தூரத்துக்குத் தக்கபடி கட்ட வேண்டும். மஞ்சள் பலகை போட்ட தடம் டெலிபாஸ் என்ற தானியங்கிக் கட்டணக் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். அதில் நுழைந்து பின்னால் எடுப்பது ஆபத்து, தண்டனைக்கும் உரியது.

போகும்போது நாங்கள் எடுத்த ஆற்றுவழியில் ஆஸ்திரிய நெடுஞ்சாலையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆகவே விக்னெட்டைத் திரும்பும் நாளுக்கு மட்டும் வாங்கினேன். காசு மிச்சம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மெதுவான சாலையில் வண்டியை நிறுத்தலாம். நெடுஞ்சாலையில் ஆற்றைப் பார்த்து, "இங்க கொஞ்சம் நிப்பாட்டு" என்று அப்பா சொன்னால் என்ன செய்வது?

மியூனிக்கிலிருந்து பாட் ட்யோல்ஸ், லெங்கிரீஸ் வழியாக ஈஸாரை எதிர்த்து ஏறினோம். முதல் நிறுத்தம் சில்வன்ஸ்டைன் அணை. அப்பாவுக்காகவே இதைத் திட்டத்தில் வைத்தேன் என்றாலும், மியூனிக்கில் வசிக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது வந்து பார்க்க வேண்டிய இடம் இது. 1924இல் வால்கன்ஸே ஏரியில் நீர்மின் நிலையம் தொடங்கியபோது, கிருன் என்ற ஊருக்கு அருகே ஈஸாரைத் தடுத்து ஏரிக்குத் திருப்பினார்கள். அதற்குக் கீழே ஆறு வறண்டது. மழைக்காலத்தில் வெள்ளம், மற்ற நாளில் கூழாங்கல் என்றாகிவிட்டது. கோடையில் ஆற்றில் நீரோட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளவும் மியூனிக்கை வெள்ளத்திலிருந்து காக்கவும் 1954 முதல் 1959 வரை இந்த அணையைக் கட்டினார்கள். ஃபால் என்ற பழைய கிராமம் நீருக்குள் போயிற்று. மக்களுக்கு மேட்டில் அதே பெயரில் புதிய ஊர் அமைத்துக் கொடுத்தார்கள். 2005 ஆகஸ்ட் வெள்ளத்தில் மியூனிக் தப்பியதில் இந்த அணைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பா அணைக்கரையில் நின்று உபரிநீர் போகும் வழியைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கேயே வெகுநேரம் நின்றார்.

அணைக்கு மேலே ஃபோர்டரிஸ் என்ற ஊரிலிருந்து வால்காவ் வரை காட்டுக்குள் ஒரு சிறிய சாலை போகிறது. தனிக் கட்டணம் சில யூரோக்கள். இந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த துண்டு இதுதான். இடதும் வலதுமாக வெள்ளைக் கூழாங்கல் படுகை விரிந்து கிடக்கிறது. அதன் நடுவே பச்சை நிறத்தில் ஆறு நான்கைந்து கிளைகளாகப் பிரிந்து பிரிந்து சேருகிறது. ஆல்ப்ஸின் வடபுறத்தில் இப்படிக் கட்டுப்படாமல் ஓடும் ஆற்றுப்படுகைகள் அதிகம் மிஞ்சவில்லை. "இம்புட்டு அகலப் படுகைக்கு இந்தத் தண்ணி காணாதே, மேல எங்கயோ எடுக்கான்" என்றார் அப்பா. அடுத்த கால் மணி நேரத்தில் கிருன் தடுப்பணைக்கு வந்துவிட்டோம். பல பத்தாண்டுகள் முழு ஆற்றையும் எடுத்துவந்தவர்கள், மக்களின் வற்புறுத்தலால் 1990 முதல் ஓரளவு தண்ணீரைப் பழைய படுகைக்கு விடுகிறார்கள் என்று சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

மிட்டன்வால்ட் ஊரில் அம்மாவுக்காக நிறுத்தினோம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்தியாஸ் க்ளோட்ஸ் தொடங்கிவைத்த வயலின் செய்யும் தொழில் இன்னும் நடக்கும் ஊர் அது. 1858இல் தொடங்கிய வயலின் தயாரிப்புப் பள்ளியும் இருக்கிறது. வீட்டுச் சுவர்களில் எல்லாம் வண்ணச் சித்திரங்கள். 1786 செப்டம்பரில் ஜெர்மன் கவி கதே இத்தாலிக்குப் புறப்பட்டபோது மியூனிக்கிலிருந்து வந்து இரவு தங்கியதும் இங்கேதான். இதைத் தாண்டினால் ஷார்னிட்ஸ், ஆஸ்திரிய எல்லை. ஈஸார் பிறப்பது இந்த எல்லைக்கு அப்பால் கார்வெண்டல் மலையில். மியூனிக் தன்னுடையது என்று கொண்டாடும் ஆறு ஆஸ்திரியாவில் ஊறுகிறது.

ஸேஃபெல்டுக்கு அப்புறம் ஸிர்லர் பெர்க் என்ற இறக்கம். சரிவு 16 சதவீதம் வரை போகும். வண்டியைத் தாழ்ந்த கியரில் போட்டு இன்ஜினைக் கொண்டே பிடிக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்க மணல் மேடுகளே அமைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து மிச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். கீழே இன் பள்ளத்தாக்கு. இன்ஸ்புருக்கில் நாங்கள் அதிகம் நிற்கவில்லை. பழைய நகரத்தின் பொற்கூரை, 2,657 செப்பு ஓடுகளுக்குப் பொன் பூசியது, அம்மாவுக்குச் சிதம்பரத்தை நினைவூட்டியது. ஒரு காபி, அவ்வளவுதான். பெட்ரோலை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஜெர்மனி, இத்தாலி இரண்டையும்விட மலிவாக இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்து பங்க்குகளில் விலை அதிகம், ஊருக்குள் போடுவது நல்லது.

இன்ஸ்புருக்கிலிருந்து கணவாய்க்கு பி182 என்ற பழைய சாலை ஸில் ஆற்றோடு ஏறுகிறது. தலைக்கு மேலே 190 மீட்டர் உயரத்தில் 1963இல் திறந்த ஐரோப்பாப் பாலம். நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது பாலம் என்பதே சரியாகத் தெரியாது, ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். கீழிருந்து பார்த்தால்தான் அந்தத் தூண்களின் உயரம் உறைக்கும். லாரிகளின் இரைச்சல் பள்ளத்தாக்கு முழுவதும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மாட்ரைய், ஸ்டைனாக், கிரீஸ் என்று அழகான ஊர்கள், மாடியில் ஜெரேனியம் பூந்தொட்டிகள், அந்தப் பூக்களுக்குப் பின்னால் இரவும் பகலும் இந்தச் சத்தத்தில் வாழும் மக்கள். டிரோல் அரசு இரவில் லாரிகளுக்குத் தடை போடுவதும், குஃப்ஸ்டைனில் மணிக்கு இத்தனை லாரி என்று அளந்து விடுவதும், இத்தாலி அதை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனதும் செய்தியில் படிக்கும்போது ஏதோ நிர்வாகச் சண்டையாகத் தோன்றும். இங்கே ஒரு மணி நேரம் நின்றால் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருப்பதில்லை. மலைக்கு அடியில் இன்ஸ்புருக்குக்கும் ஃபிரான்சென்ஸ்ஃபெஸ்டெவுக்கும் இடையே 55 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் சுரங்கம் தோண்டுகிறார்கள். 2032இல் திறப்பதாகத் திட்டம். சரக்கெல்லாம் அந்த ரயிலுக்குப் போய்விட வேண்டும் என்பது என் ஆசை.

பிரென்னர், 1,370 மீட்டர். ஆல்ப்ஸின் பெரிய கணவாய்களில் இது தாழ்வானது. அதனால்தான் ரோமானியர் காலத்திலிருந்து எல்லோரும் இதைத் தேடி வந்தார்கள். ஊர் என்று சொல்ல ரயில் நிலையம், பழைய சுங்கக் கட்டடங்கள், சில கடைகள். 1940 மார்ச் 18 அன்று ஹிட்லரும் முசோலினியும் சந்தித்துப் பேசியது இந்த ரயில் நிலையத்தில்தான். 1995இல் ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் சுங்க வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்பிழந்து ஊரைவிட்டுப் போயின. அப்பா இறங்கி நின்றார். அவர் எதிர்பார்த்ததுபோல் கூரான முகடு இல்லை. இரண்டு பக்கமும் மலைச்சுவர், நடுவில் கிட்டத்தட்டச் சமதளம். தண்ணீர் எங்கே பிரிகிறது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. ஓடைகளின் ஓட்டத்தைப் பார்த்து, கையால் திசை காட்டி, அவரே ஒரு கோட்டை முடிவு செய்துகொண்டார். அது எல்லைக்கல்லுக்கு வெகு அருகில்தான் இருந்தது.

கணவாய்க்குத் தெற்கே இறங்கினால் தென் டிரோல். இத்தாலிக்குள் வந்துவிட்டோம், ஆனால் கடைக்காரர் ஜெர்மனில்தான் பேசுகிறார். இங்கே பத்தில் ஏழு பேருக்கு ஜெர்மன்தான் தாய்மொழி. 1919இல் வகுத்த கோடு இவர்களை இத்தாலியில் விட்டது. பிறகு வந்த பாசிச ஆட்சி ஜெர்மன் பள்ளிகளை மூடியது, ஊர்ப்பெயர்களை இத்தாலியமாக்கியது. 1939இல் ஹிட்லரும் முசோலினியும் சேர்ந்து, மண்ணை விட்டு ஜெர்மனிக்குப் போகிறீர்களா, மொழியை விட்டு இங்கேயே இருக்கிறீர்களா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் போவதாக எழுதிக்கொடுத்தனர். போர் மூண்டதால் முழுவதும் நடக்கவில்லை. 1946இல் பாரிஸில் ஓர் ஒப்பந்தம், அது சரியாக நிறைவேறாததால் ஐக்கிய நாடுகள் சபையில் முறையீடு, 1961இல் ஒரே இரவில் மின்கம்பங்களைக் குண்டு வைத்துத் தகர்த்த போராட்டம், 1972இல் விரிவான தன்னாட்சிச் சட்டம் என்று நீண்டு, 1992இல்தான் ஆஸ்திரியாவும் இத்தாலியும் பிரச்சினை தீர்ந்தது என்று அறிவித்தன. இன்று பள்ளியும் அரசு அலுவலகமும் அவரவர் மொழியில் நடக்கின்றன. மொழிக்காகத் தெருவில் இறங்கிய ஊரிலிருந்து வந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். அன்று இரவு அப்பா விடுதிக்காரரிடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி இதைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சுக்காகத்தான் இரவு தங்கலைத் தென் டிரோலின் பிரிக்ஸன் நகரில் வைக்கச் சொல்கிறேன். ஐந்து மணி நேரப் பயணத்தில் இது கிடைக்காது.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. அம்மா சைவம். இங்கே ஷ்பெக் என்ற பன்றி இறைச்சி எதிலும் இருக்கும். சைவம் என்று எழுதியிருந்தாலும் ஷ்பெக் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். பசலைக்கீரை உருண்டையும், கீரையும் தயிர்க்கட்டியும் வைத்து நம் சோமாசியைப் போல அரைவட்டமாக மடித்து வேகவைக்கும் ஷ்லுட்ஸ்கிராஃபனும் நம் நாக்குக்கு ஒத்துவரும். அம்மா இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினார்.

மறுநாள் காலை பொல்சானோ. இங்கே ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்க முடியும் என்றால் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 1991 செப்டம்பர் 19 அன்று, ஜெர்மனியின் நூரன்பெர்க்கிலிருந்து வந்த ஒரு தம்பதி ஆஸ்திரிய, இத்தாலிய எல்லை மலையில் 3,200 மீட்டர் உயரத்தில் உருகும் பனியிலிருந்து ஒரு மனித உடல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். யாரோ மலையேறி இறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆஸ்திரியப் போலீஸ் வந்து உடலை எடுத்து இன்ஸ்புருக்குக்குக் கொண்டுபோனது. அவர் 5,000 ஆண்டுகளுக்கும் முந்தியவர் என்று தெரிந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. ஊட்ஸி என்று பெயரிட்டார்கள். அப்புறம்தான் கேள்வி வந்தது: அவர் கிடந்தது எந்த நாட்டில்?

1919 உடன்படிக்கைப்படி எல்லை என்பது தண்ணீர் பிரியும் முகடு. ஆனால் அந்த இடத்தில் அப்போது பனிப்பாறை மூடியிருந்தது. பனிக்கு அடியில் முகடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கோட்டைச் சற்று வடக்கே தள்ளிப் போட்டுவிட்டார்கள். 1991 அக்டோபரில் இரு நாட்டு அளவையாளர்களும் சேர்ந்து அளந்தபோது, உடல் கிடந்த இடம் இத்தாலிக்குள் 92.56 மீட்டர் என்று வந்தது. அங்கே உருகும் தண்ணீர் ஓடுவதோ ஆஸ்திரியப் பக்கம். கோடுதான் வென்றது. ஊட்ஸி 1998இல் பொல்சானோவுக்கு வந்து சேர்ந்தார். சிறிய சன்னல் வழியே, மைனஸ் 6 டிகிரி குளிரில் படுத்திருக்கும் அவரைப் பார்க்கலாம். தோளில் பாய்ந்த அம்புமுனை 2001இல் எக்ஸ்ரேயில் தெரிந்தது, கொல்லப்பட்ட மனிதர். அப்பா விளக்கப் படத்துக்கு முன்னால் நின்று ஓடையின் திசையை விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டு, "தண்ணி அந்தப் பக்கம்ல போவுது, அப்போ அவங்க ஆளுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கும் அவர் பக்கம்தான் சாய்வு. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள். பெரும்பாலான மாதங்களில் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொல்சானோவிலிருந்து வெரோனாவுக்கு நெடுஞ்சாலையே நல்லது. பள்ளத்தாக்கு விரிந்துவிடுகிறது, ஆறு, ரயில், சாலை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, இரண்டு பக்கமும் ஆப்பிள், திராட்சை. ஏறுவதற்கு முன் ஒரு விஷயம்: ஜெர்மனி, ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலைப் பலகை நீலம். இத்தாலியில் நெடுஞ்சாலைக்குப் பச்சை. நீலம் என்றால் சாதாரணச் சாலை. நீலத்தைப் பார்த்தே பழகிய கண் இங்கே தடுமாறும். வேக வரம்பு 130, மழை பெய்தால் 110.

வெரோனாவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பழைய நகரத்தின் ஸெட் டி எல் எல்லை. அனுமதி இல்லாத வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் உள்ளே வரக்கூடாது. தடுப்பு ஒன்றும் இருக்காது. வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம், மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு 360 நாட்களுக்குள் அபராத அறிவிப்பு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. எனவே பயணத்தை மறந்துவிட்ட பிறகு கடிதம் வரும். உள்ளே விடுதி எடுத்தால் வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லி முன்பே எழுதுங்கள். நான் பரிந்துரைப்பது வெளியே கட்டண நிறுத்தத்தில் விட்டு நடப்பது. தெருவோரம் நிறுத்தினால் நீலக் கோட்டுக்குக் கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் உங்களுக்கு இல்லை.

ரோமானிய அரங்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் போகச் சொல்வது பியெத்ரா பாலத்துக்கு. ரோமானியர் காலத்தில் தொடங்கிய அந்தக் கல்பாலத்தை, 1945 ஏப்ரலில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. வெரோனா மக்கள் ஆதிஜேவின் படுகையிலிருந்து பழைய கற்களைத் தேடி எடுத்து, 1950களில் அதே கற்களால் மீண்டும் கட்டினார்கள். எது வெள்ளைக் கல், எது செங்கல் என்று பார்த்துக்கொண்டே நடந்தால் காலங்கள் பிரிந்து தெரியும். கீழே ஓடும் தண்ணீரில் பிரென்னரின் மழையும் இருக்கிறது.

திரும்புவதற்கு ஞாயிற்றுக்கிழமையை எடுக்காதீர்கள். நாங்கள் வியாழன் காலை உணவு முடிந்ததும் கிளம்பினோம். இந்த முறை முழுவதும் நெடுஞ்சாலை: ஏ22, ஏ13, ஏ12, பிறகு ஜெர்மன் ஏ93. விக்னெட்டும் பிரென்னர் சுங்கமும் தொலைபேசியில் இருந்தன. இன் பள்ளத்தாக்கில் காற்று மாசைக் குறைக்க 100 வேகம்தான், கேமராக்கள் உண்டு. நெரிசலில் வண்டி ஊர்ந்தாலும் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஆம்புலன்சுக்கு நடுவில் வழி விட்டே நிற்க வேண்டும்: இடது தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க, மற்றவர்கள் வலப்பக்கம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட பிறகு ஒதுங்குவது தாமதம். குஃப்ஸ்டைன் தாண்டியதும் கீஃபர்ஸ்ஃபெல்டனில் போலீஸ் சோதனை. ஒரு தடமாகக் குறுக்கியிருப்பார்கள். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் நிற்கும்போதே பாஸ்போர்ட்டுகளைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையவை அம்மாவின் கைப்பையில் இருந்தன. ஜெர்மன் போலீஸ்காரர் மூன்றையும் புரட்டிப் பார்த்து, நல்ல பயணம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.